அலை திறந்த ஊர்

ஆர்க்னித் தீவுகளின் கரையோரம் ஓர் அறிவியல் உலா

உலகப் படம் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்துக் கொள்ளுங்கள். பிரிட்டன் தீவைக் கண்டுபிடியுங்கள். அதன் வட முனைக்குச் சற்று மேலே, நீலத்தில் மை தெளித்தாற்போலச் சில புள்ளிகள் தெரிகின்றனவா? அவைதாம் ஆர்க்னித் தீவுகள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவை. மொத்தம் சுமார் 70 தீவுகள். அவற்றுள் 20 தீவுகளில்தான் மக்கள் வாழ்கிறார்கள். எல்லாரையும் சேர்த்தாலும் மக்கள் தொகை ஏறத்தாழ 22,000தான்!

இந்தத் தீவுகள் 59ஆம் வட அட்சக்கோட்டின் மீது இருக்கின்றன. அதனால் ஜூன் மாதத்தில் பகல் 18 மணி நேரம் நீளும். டிசம்பரிலோ 6 மணி நேரத்தில் பொழுது சாய்ந்துவிடும். மரங்கள் மிகக் குறைவு. காற்று ஓய்வதே இல்லை. மேற்கே பார்த்தால் கனடாவரை, 3,000 கிலோமீட்டருக்கும் மேல், தடுத்து நிறுத்த ஒரு துண்டுத் தரைகூடக் கிடையாது. அத்தனை தூரமும் காற்றால் உந்தப்பட்டு வளர்ந்த அலைகள் இந்தக் கரையில்தான் வந்து மோதுகின்றன.

இப்படிப்பட்ட முரட்டுக் கரையை நாம் ஏன் சுற்றிப் பார்க்க வேண்டும்? அங்கே பாறை உண்டு, பறவை உண்டு, ஐயாயிரம் ஆண்டு பழமையான ஊரும் உண்டு. ஆனால் புறப்படுமுன் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பழமையைக் கடல் நமக்குக் காட்டுகிறதா, அல்லது நம்மிடமிருந்து பறிக்கிறதா? உலாவின் முடிவில் நீங்களே விடை சொல்லலாம்.

கோயிலைவிட இளைய பாறை

ஸ்காட்லாந்தின் வட கரையில் ஸ்கிராப்ஸ்டர் என்னும் துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து கப்பலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஆர்க்னியின் ஸ்ட்ரோம்னஸ் ஊரை அடையலாம். வழியில் ஹோய் என்னும் தீவைக் கப்பல் ஒட்டிச் செல்லும்போது எல்லாரும் மேல்தளத்துக்கு ஓடி வருவார்கள். கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் ஒரு செந்நிறப் பாறைத் தூணைக் காண்பதற்காகத்தான். அதன் பெயர் ‘ஹோய்க் கிழவன்’. உயரம் 137 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப்போல் இரு மடங்குக்கும் அதிகம்.

பெயர்தான் கிழவன். வயதோ மிகக் குறைவு! 1750ஆம் ஆண்டில் வரையப்பட்ட வரைபடத்தில் இந்த இடத்தில் தனித் தூண் எதுவும் இல்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த நிலமுனைதான் இருக்கிறது. 1819ஆம் ஆண்டளவில் வில்லியம் டேனியல் என்னும் ஓவியர் வரைந்தபோது தூண் பிரிந்து நிற்கிறது. ஆனால் அதற்கு இரண்டு கால்கள்! பின்னர் வந்த புயல் ஒன்று ஒரு காலை முறித்துவிட்டது. ஆகவே இந்தத் தூணின் வயது 300 ஆண்டுகளுக்குள்தான். தஞ்சைக் கோயிலுக்கு ஆயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. மனிதன் கட்டிய கல் கட்டடத்தைவிட இயற்கை செதுக்கிய பாறைத்தூண் இளையது என்றால் வியப்பாக இல்லையா?

அலை எப்படிப் பாறையைச் செதுக்குகிறது? பாறையில் நுண்ணிய வெடிப்புகள் உண்டு. அலை மோதும்போது அந்த வெடிப்புகளில் உள்ள காற்று சட்டென்று அழுத்தப்படுகிறது. அலை பின்வாங்கியதும் அதே காற்று விரிகிறது. இப்படி ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை நடந்தால் வெடிப்பு அகன்று துண்டுகள் பெயர்கின்றன. பெயர்ந்த கற்களை அலையே மறுபடி எடுத்துப் பாறைமீது வீசுகிறது. முதலில் குகை உண்டாகும். குகை மறுபக்கம் துளைத்துக் கொண்டால் வளைவு. வளைவின் கூரை இடிந்து விழுந்தால் எஞ்சுவது கடல் தூண். புவியியல் பாடத்தில் நீங்கள் படித்த வரிசை இதுதான்.

இந்தத் தூணின் மீது முதன்முதலாக மனிதர் ஏறியது 1966இல். கிறிஸ் பானிங்டன், ரஸ்டி பெய்லி, டாம் பேட்டி என்ற மூவர் ஏறினர். மறு ஆண்டே அந்த ஏற்றம் பிபிசி தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டப்பட்டது. பானிங்டன் 2014இல் தமது 80ஆம் வயதில் மீண்டும் ஒருமுறை ஏறிக் காட்டினார்! அதற்குள் தூணின் உச்சியில் 40 மீட்டர் நீள விரிசல் ஒன்று தோன்றியிருந்தது. கிழவன் இன்னும் எத்தனை காலம் நிற்பான் என்பது கடலின் விருப்பம்.

தரைக்குள் ஓர் ஏரி

ஸ்ட்ரோம்னஸில் இறங்கிக் கரையோரம் நடங்கள். பாறைகள் புத்தகத்தின் தாள்களைப்போல அடுக்கடுக்காக இருப்பதைக் காண்பீர்கள். உளியைச் செருகித் தட்டினால் பலகை பலகையாகப் பிரியும். இது எப்படி வந்தது?

ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இல்லை. மாபெரும் ஏரி ஒன்று இருந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டலும் மணலும் அதன் அடியில் மெல்லிய அடுக்குகளாகப் படிந்தன. ஏரி வற்றும், மீண்டும் நிரம்பும், மறுபடி படியும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் அந்த அடுக்குகள் இறுகிக் கல்லாயின. ஏரியில் வாழ்ந்த மீன்களும் அடுக்குகளுக்கிடையே புதைபடிவங்களாயின. கல் வேலை செய்து பிழைத்துப் பின்னர் நிலவியல் அறிஞராக உயர்ந்த ஹியூ மில்லர் 1840களில் ஸ்ட்ரோம்னஸ் பகுதியில் கிடைத்த ஒரு பெரும் மீன் படிவத்தைப் பற்றி நூலே எழுதினார்.

எளிதில் பலகையாகப் பிரியும் இந்தக் கல்லை நினைவில் வையுங்கள். அடுத்து நாம் பார்க்கப்போகும் ஊர் இந்தக் கல்லால்தான் பிழைத்திருக்கிறது.

புயல் காட்டிய ஊர்

1850ஆம் ஆண்டின் குளிர்காலம். ஸ்கெய்ல் விரிகுடாவை ஒரு கொடும்புயல் தாக்கியது. கடலோரம் இருந்த மணல்மேட்டின் புல்லையும் மணலையும் காற்றும் அலையும் அள்ளிச் சென்றன. புயல் ஓய்ந்த பின் பார்த்தால், மேட்டின் அடியிலிருந்து கற்சுவர்கள் எட்டிப் பார்த்தன! அதுதான் ஸ்காரா பிரே. அந்த நிலத்துக்கு உரியவரான வில்லியம் வாட் தோண்டத் தொடங்கினார். 1868க்குள் நான்கு வீடுகள் வெளிப்பட்டன. பிற்காலத்தில் மேலும் சில வெளிவந்து எட்டு ஆயின.

ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்போமா? வாசல் மிகத் தாழ்வு. குனிந்துதான் நுழைய வேண்டும். நடுவில் அடுப்புக்குழி. இரு பக்கமும் கற்பலகைகளால் அமைத்த கட்டில்கள். அவற்றின்மேல் வைக்கோலும் தோலும் பரப்பிப் படுத்திருப்பார்கள். வாசலுக்கு நேர் எதிரே இரண்டு தட்டுகள் கொண்ட கல் அலமாரி. உள்ளே வருபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். தரையில் பதித்த கல் தொட்டிகளும் உண்டு. கதவுக்குத் தாழிட்ட துளைகள் சுவரில் அப்படியே இருக்கின்றன. தரைக்கு அடியில் கழிவுநீர் செல்லும் வடிகால்கூட உண்டு! வீடுகளை மூடிய சந்துப் பாதைகள் இணைக்கின்றன. புயற்காற்றில் நனையாமலே பக்கத்து வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

வேறு நாடுகளில் அந்தக் காலத்து மக்கள் மரத்தால் கட்டில் செய்தார்கள். அவையெல்லாம் மக்கி மண்ணாயின. ஆர்க்னியில் மரம் அரிது. பலகையாகப் பிரியும் கல்லோ காலடியில். ஆகவே கல்லாலேயே எல்லாம் செய்தார்கள். ஓர் இல்லாமை, ஐயாயிரம் ஆண்டுகளுக்குப் பின் நமக்குப் பெரும் செல்வமாகிவிட்டது.

குளிரைத் தாங்க இன்னொரு வழியும் கண்டிருந்தார்கள். சாம்பல், கிளிஞ்சல், எலும்பு முதலிய குப்பை மக்கி இறுகிய மேட்டுக்குள் வீடுகளைப் புதைத்தாற்போலக் கட்டினார்கள். அந்தக் குப்பைமேடு கம்பளி போலக் குளிரைத் தடுத்தது. அவர்கள் காலத்தில் கடல் இவ்வளவு அருகில் இல்லை. பின்னர்தான் கரையைத் தின்று தின்று ஊர்வாசலுக்கு வந்து சேர்ந்தது.

வயது மாறிய கதை

1924இல் மற்றொரு புயல் வந்து ஒரு வீட்டின் பகுதியை அடித்துச் சென்றது. இனியும் தாமதித்தால் ஊரே போய்விடும் என்று அஞ்சிக் கடல் தடுப்புச் சுவர் கட்டினார்கள். 1927 முதல் 1930 வரை கார்டன் சைல்டு என்னும் புகழ்பெற்ற தொல்பொருள் ஆய்வாளர் இங்கே முறையாக அகழ்ந்தார். இந்த ஊர் கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்ட இரும்புக்காலத்தது என்று அவர் முதலில் எண்ணினார்.

1970களில் கார்பன்-14 முறை வந்து கணக்கை மாற்றியது. உயிருள்ளவை எல்லாம் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் சிறிதளவு கார்பன்-14ஐப் பெறுகின்றன. இறந்த பின் புதிதாகப் பெறுவதில்லை. உடலில் உள்ளது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இறந்து 5,000 ஆண்டுகள் ஆன எலும்பில் தொடக்க அளவில் ஏறத்தாழ 55 விழுக்காடு எஞ்சியிருக்கும். எஞ்சியதை அளந்தால் வயது தெரிந்துவிடும். ஸ்காரா பிரேயில் கிடைத்த எலும்புகளை இவ்வாறு சோதித்தபோது கிடைத்த விடை: கி.மு. 3180 முதல் கி.மு. 2500 வரை! எகிப்தின் கீசாப் பிரமிடுகள் எழுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே அடுப்பு எரிந்திருக்கிறது. புதிதாக அகழ்ந்தெடுத்த பொருள்களைக் கொண்டு சைல்டின் முடிவு திருத்தப்பட்டது. பொருளும் குறிப்பும் பத்திரமாக இருந்தால் கருத்தை என்று வேண்டுமானாலும் திருத்தலாம். பொருளே போய்விட்டால்?

கல்லும் கதிரவனும்

ஸ்காரா பிரேயிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வந்தால் இரண்டு ஏரிகளுக்கு இடையே உயரமான கற்கள் வட்டமாக நிற்கின்றன. இது பிராட்கர் வட்டம். விட்டம் 104 மீட்டர். தொடக்கத்தில் 60 கற்கள் இருந்திருக்கலாம் என்கிறார்கள். பல விழுந்துவிட்டன. 1980இல் மின்னல் தாக்கி ஒரு கல் பிளந்தது.

அருகே மேஷோ என்னும் கல்லறை மேடு. உள்ளே செல்ல நீண்ட, தாழ்ந்த கற்பாதை. ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய நாட்களில், மறையும் கதிரவனின் ஒளி அந்தப் பாதை வழியே நேராக நுழைந்து உள்ளறையின் பின்சுவரைத் தொடுகிறது! கடிகாரமும் பஞ்சாங்கமும் இல்லாத மக்கள் கதிரவனின் போக்கை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் இதற்குள் புகுந்த நார்ஸ் மக்கள் தங்கள் எழுத்தில் சுவரெங்கும் பெயர்களைக் கீறி வைத்துவிட்டார்கள். பழஞ்சின்னங்களில் பெயர் கீறும் கெட்ட பழக்கம் அன்றே இருந்திருக்கிறது! ஸ்காரா பிரே, பிராட்கர், மேஷோ ஆகியவை 1999இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின.

நேரம் தவறினால் சிறை

துணிச்சலான நடை ஒன்று வேண்டுமா? பர்சே குன்றுத்தீவுக்குச் செல்லுங்கள். கடல் வற்றும்போது மட்டும் வழி தெரியும். வற்றம் உச்சமாக இருக்கும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னும் பின்னும்தான் நடந்து கடக்கலாம். அங்கே பிக்டு இனத்தவர், நார்ஸ் மக்கள் ஆகியோரின் ஊர்ச்சுவடுகளைப் பார்த்துக் கொண்டே நேரத்தை மறந்தீர்களோ, அடுத்த வற்றம்வரை தீவிலேயே சிறை!

அடுத்த வற்றம் எப்போது? நிலவின் ஈர்ப்பே ஓதத்துக்கு முக்கியக் காரணம். பூமி ஒருமுறை சுழலும் நேரத்தில் நிலவும் தன் பாதையில் சற்று நகர்ந்துவிடுவதால், ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 12 மணி 25 நிமிடம் ஆகிறது. இன்று காலை 10 மணிக்கு வற்றம் என்றால் நாளைக் காலை ஏறத்தாழ 10.50க்கு. நேற்றைய நேரத்தை நம்பி இன்று நடப்பவர் அகப்பட்டுக் கொள்வார். அதனால்தான் அங்கே ஓத அட்டவணையைப் பார்க்காமல் யாரும் அடி எடுத்து வைப்பதில்லை.

இந்த ஓதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அட்லாண்டிக் கடலிலும் வடகடலிலும் நீர்மட்டம் ஒரே நேரத்தில் உயர்வதில்லை. இடையே உள்ள பென்ட்லண்டு நீரிணையில், உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு நீர் ஆறுபோலப் பாய்கிறது. வேகம் மணிக்கு 18 கிலோமீட்டரையும் தாண்டும். இந்த ஆற்றலிலிருந்தும் அலையிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் பொறிகளைச் சோதிக்க 2003இல் ஆர்க்னியில் ஒரு மையம் அமைக்கப்பட்டது.

இரண்டு நிமிட விமானம்

இனி வடக்குத் தீவுகள். வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு விமானத்தில் போவோம். இடைவார் கட்டிக்கொண்டு வெளியே பார்ப்பதற்குள் இறங்கிவிடும்! தொலைவு 2.7 கிலோமீட்டர்தான், நேரம் இரண்டு நிமிடத்துக்குள். உலகிலேயே மிகக் குறுகிய அன்றாட விமானப் பயணம் இது.

இறங்கினால் கடலோரத்தில் நேப் ஆஃப் ஹோவார் என்னும் இரண்டு கல் வீடுகள். ஸ்காரா பிரேயைவிட மூத்தவை, கி.மு. 3700 அளவில் கட்டியவை. இவற்றையும் கடல் அரிப்பே வெளிக்காட்டியது.

மே முதல் ஜூலை வரை இந்த ஓங்கல்களில் கடற்பறவைகள் கூட்டங் கூட்டமாகக் கூடு கட்டும். வண்ண அலகுள்ள பஃபின், ஓங்கல் விளிம்பில் நெருக்கி நிற்கும் கில்லிமாட், அருகே போனால் நாற்றமடிக்கும் எண்ணெயை உமிழும் ஃபுல்மார் எல்லாம் உண்டு. ஒரு பறவை மட்டும் இல்லை. அது பெரிய ஆக். பறக்க இயலாதது; நிற்கும்போது பென்குவினைப் போலிருக்கும். ஆர்க்னியின் கடைசிப் பெரிய ஆக் 1813இல் பாப்பா வெஸ்ட்ரேயில் கொல்லப்பட்டது. 1844இல் ஐஸ்லாந்துக்கு அருகே கடைசி இணையும் கொல்லப்பட்டபின் அந்த இனமே உலகில் இல்லை. பாறை உடைந்தால் தூணாகவாவது நிற்கும். இனம் அழிந்தால் எதுவும் எஞ்சாது.

கடலடியில் எஃகு

தெற்கே, தீவுகள் சூழ்ந்த ஸ்காப்பா ஃபுளோ என்னும் அமைதியான நீர்ப்பரப்பு. முதல் உலகப்போர் முடிவில் ஜெர்மனியின் 74 போர்க்கப்பல்களை இங்கே நிறுத்தி வைத்திருந்தனர். 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானிய மாலுமிகளே கப்பல்களில் நீர் புகவிட்டு 52 கப்பல்களை மூழ்கடித்தனர். பெரும்பாலானவை பின்னர் மீட்கப்பட்டன. ஏழு பெரிய கப்பல்கள் இன்றும் அடியில் கிடக்கின்றன. முக்குளிப்போர் அவற்றைக் காணச் செல்கிறார்கள்.

1945க்குப்பின் நடந்த அணுகுண்டு வெடிப்புகளால் காற்றில் கதிரியக்கத் துகள்கள் கலந்தன. எஃகு உருக்கும்போது காற்று வழியே அவை எஃகிலும் சேர்ந்தன. நுண்ணிய கதிர்வீச்சை அளக்கும் கருவிகளுக்கு அத்தகைய எஃகு ஆகாது. ஆகவே, அணுகுண்டுக்கு முன் வார்த்து, கடலடியில் கிடந்த இந்தக் கப்பல்களின் எஃகு அறிவியலுக்குப் பயன்பட்டது.

கொல்லனின் கைரேகை

இப்போது ரவுசே தீவின் சுவான்ட்ரோ கரைக்கு வாருங்கள். அலை தொடும் இடத்திலேயே ஒரு கல்லறை மேடும் பழங்கட்டடங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு குளிர்காலமும் கடல் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. 2010க்குப் பின் ஆய்வாளர்கள் கோடைதோறும் வந்து, கடல் எடுப்பதற்குமுன் தாங்கள் எடுக்கப் பாடுபட்டார்கள்.

அங்கே பிக்டுகள் காலத்துச் செம்புக் கொல்லனின் பட்டறை கிடைத்தது. அடைகல்லாகப் பயன்பட்ட கல்லைக் கூர்ந்து பார்த்தபோது, அதன்மேல் கரி படிந்த கையின் அடையாளம்! முழங்கால் பதிந்த தடமும் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே, ஒரு மனிதர் மண்டியிட்டுக் கையூன்றி வேலை செய்ததன் சாட்சி. இந்தச் செய்தி 2018இல் வெளிவந்தது. ஆய்வாளர்கள் சில குளிர்காலங்கள் தாமதித்திருந்தால் அந்தக் கை கடலில் கரைந்திருக்கும்.

சுவர் கட்டித் தடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். ஸ்காரா பிரேயில் கட்டிய சுவர் ஊரைக் காத்துத்தான் நிற்கிறது. ஆனால் சுவரின் இரு முனைகளிலும் கரை உள்வாங்கிக் கொண்டே வருகிறது. எல்லாக் கரைகளுக்கும் சுவர் கட்டவும் இயலாது. புவி வெப்பமாவதால் கடல்மட்டம் உயர்கிறது. இந்த மரபுச் சின்னங்கள் பருவநிலை மாற்றத்தால் மிகப் பெரும் இடருக்கு உள்ளாகியிருக்கின்றன என்று 2019இல் நடந்த மதிப்பீடு எச்சரித்தது.

அப்படியானால் என்ன செய்வது? ஸ்காட்லாந்தில் ஒரு நல்ல வழி கண்டார்கள். 2012 முதல் 2016 வரை நடந்த திட்டமொன்றில், கரையோர மக்களே கைப்பேசியுடன் நடந்து, ஒவ்வொரு சின்னத்தையும் படம் எடுத்து, எது எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்று பதிவு செய்தார்கள். எதை முதலில் காக்க வேண்டும் என்பதை அந்தப் பதிவுகள் காட்டின.

உங்கள் கரையிலும்

நம் கடலும் இதே வேலையைச் செய்வதுண்டு. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி மாமல்லபுரத்தில் மணலை வாரிச் சென்று, புதைந்திருந்த பாறைச் சிற்பங்களை வெளிக்காட்டியது. அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து 2005இல் தோண்டியபோது, பழைய முருகன் கோயில் ஒன்று கிடைத்தது.

கடலோர ஊரில் வாழும் மாணவர்களே, நீங்களும் இதைச் செய்து பாருங்கள். அசையாத ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். பள்ளிச் சுவரோ கலங்கரை விளக்கமோ இருக்கலாம். மாதந்தோறும் பௌர்ணமியன்று, பெரியவர் துணையுடன், அங்கிருந்து நீர் ஏறிய கோடுவரை அளந்து நாட்குறிப்பில் எழுதுங்கள். ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். ஓராண்டு முடிந்ததும் வரைபடம் போடுங்கள். ஒரு பருவத்தில் கரை வளரும், ஒரு பருவத்தில் தேயும். ஆண்டுகள் பல சேர்ந்தால்தான் உண்மையான போக்கு புலப்படும். பழைய பானை ஓடோ செங்கலோ கண்ணில் பட்டால் எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து ஆசிரியரிடமும் தொல்லியல் துறையினரிடமும் சொல்லுங்கள். பொருளைவிட அது கிடந்த இடமே அதிகச் செய்தி சொல்லும்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஸ்காரா பிரேயைக் காட்டியது கடல்தான். அதன் ஒரு வீட்டின் பகுதியைத் தின்றதும் கடல்தான். காட்டுவதற்கும் பறிப்பதற்கும் இடையே நமக்குக் கிடைப்பது சிறிது காலம். வற்றத்தில் பர்சே தீவுக்கு நடப்பவருக்குக் கிடைக்கும் நேரம் போல. அதற்குள் பார்த்து, அளந்து, எழுதி வைத்துவிட வேண்டும்.